லேபாட்சியில் மேலே பாருங்கள்

விடுமுறை வந்தால் பெங்களூர்த் தமிழன்பர்கள் மைசூர், நந்தி மலை என்று கிளம்பிவிடுகிறோம். சுமார் 120 கிலோமீட்டரில், ஆந்திர எல்லைக்குள் லேபாட்சி இருப்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. ஒக்கலிபுரத்தார்க்குச் சிட்டி ஸ்டேஷன் பக்கம்தானே! தொட்டபள்ளாபூர், கௌரிபிதனூர் வழியாகச் செல்லும் ரயிலில் இந்துப்பூரில் இறங்கினால், அப்புறம் 15 கிலோமீட்டர்தான்.

விஜயநகர மன்னர் அச்சுத தேவராயர் காலத்தில் (1529-1542) விருபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள் எழுப்பிய வீரபத்திரர் கோயில் இது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இத்தாலியின் மாந்துவா நகரில், பலாட்சோ தே என்னும் மாளிகையில், ஜூலியோ ரொமானோ என்பவர் கிரேக்க ரோமானியப் புராணக் கதைகளைச் சுவர்களில் தீட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஈரச் சாந்தின்மேல் வண்ணம் இடுவார்கள். காயும்போது சுண்ணாம்பே நிறத்தைப் பிடித்துக்கொள்ளும்.

லேபாட்சியில் கருங்கல் விதானத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசி, காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று மண்ணும் கல்லும் கரியும் தந்த நிறங்களில் தீட்டியிருக்கிறார்கள். பார்வதி கல்யாணம், பன்றி வேட்டையில் சிவனும் அர்ச்சுனனும் மோதும் கதை, திரௌபதி சுயம்வரம் எல்லாம் உண்டு. பெண்களின் சேலைக் கரைகளை மட்டுமே ஒரு மணி நேரம் பார்க்கலாம். நம் திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையும் அங்கே இருக்கிறது! கன்றை இழந்த பசு மணியடித்த கதையைத் தெலுங்கு நாட்டுக் கூரையில் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லலாம்.

ஆனால் கூட்டமெல்லாம் தொங்கும் தூணைச் சுற்றித்தான். அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்ப்பார்கள். கட்டுமானம் அறிந்தவனாகச் சொல்கிறேன்: அதில் மாயம் இல்லை. அந்தத் தூண் தாங்க வேண்டிய பாரத்தை மேலுள்ள உத்திரக் கற்கள் பக்கத்துத் தூண்களுக்குக் கடத்திவிடுகின்றன. தூணின் ஒரு மூலை தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

என் கவலை மேலே உள்ளதைப் பற்றித்தான். தூண் இன்னும் பல நூற்றாண்டு நிற்கும், ஓவியம் அப்படியல்ல. கல் பலகைகளின் இணைப்பில் நீர் கசிந்தால் சாந்து பிடிப்பை விட்டுவிடும், நிறமும் அதோடு உதிரும். பல இடங்களில் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது. முகம் அழிந்து நகை மட்டும் எஞ்சிய உருவங்களைப் பார்த்தால் மனசு கேட்காது. நம் பேரப்பிள்ளைகள் இதையெல்லாம் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

வெளிச்சம் நன்றாக உள்ள காலை வேளையில் போங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கட்டும். கீழே பிடித்து அதில் விதானத்தைப் பார்த்தால் வயதானவர்களுக்குக் கழுத்து வலிக்காது.