விரல் நுனியில் ஒரு கண்

உங்களுக்குத் தெரியுமா?

● 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., கணினிக்குப் பார்வை கொடுக்கும் வேலையை மாணவர்களின் ஒரு கோடைக்காலத் திட்டமாக வைத்தது. அந்தக் கோடை இன்னும் முடிந்தபாடில்லை.

● அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் ஒரு ரோபோவை உருவாக்கத் தொடங்கினார்கள். நகரும்போதெல்லாம் உடம்பு ஆடியதால் 'ஷேக்கி' என்று பெயர். நம் ஊராக இருந்தால் 'நடுக்கி' என்று கூப்பிட்டிருப்பார்கள். தலையில் டிவி கேமரா, காலடியில் பூனை மீசை போலக் கம்பிகள். மீசை எதிலாவது பட்டால் இடித்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளும். அதற்கு வாய்த்த தொடு உணர்வு அவ்வளவுதான்.

● பஸ் ஜன்னலில் பார்த்தால் பக்கத்து மரம் ஓடும், தூரத்து மலை அசையாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக்கின் தானியங்கி வண்டி இந்த வித்தையைத்தான் நம்பியிருந்தது. நின்ற இடத்திலேயே கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி 9 படங்கள் எடுக்கும். எது கிட்டே, எது எட்டே என்று கணக்குப் போடும். பிறகு ஒரு மீட்டர் நகரும். 1979-ல் நாற்காலிகள் போட்ட ஓர் அறையை அது தானாகவே கடந்தது: 20 மீட்டர், சுமார் 5 மணி நேரம்! வெயிலில் விட்டபோது, அது யோசித்து முடிப்பதற்குள் நிழல்கள் இடம் மாறிவிட, பாவம், குழம்பிப்போனது.

● வீடு கூட்டும் ரோபோக்களில் சில, கறுப்புக் கம்பளத்தைக் கண்டால் பின்வாங்கும். அடியிலிருந்து அவை அனுப்பும் அகச்சிவப்பு ஒளி திரும்பி வந்தால் தரை, வராவிட்டால் மாடிப்படியின் விளிம்பு. கறுப்பு நிறம் ஒளியை விழுங்கிவிட, கம்பளமே பாதாளமாகிவிடுகிறது. கண்ணாடி டம்ளர் வேறு மாதிரி ஏய்க்கும். ஒளி அதற்குள் புகுந்து போய்விடுவதால், ஆழம் அளக்கும் கேமராவுக்கு அங்கே டம்ளரே இருக்காது.

● ஸ்வீடன் விஞ்ஞானி ரோலண்ட் ஜோஹான்சன், ஒருவரின் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்து தீக்குச்சி கிழிக்கச் சொன்னார். சில நொடி வேலை பல மடங்கு இழுத்தது. குச்சியை எடுப்பதே பெரும்பாடு. இத்தனைக்கும் கண் திறந்துதான் இருந்தது.

● அப்படித் தொட்டு உணரும் விரலை ரோபோவுக்குச் செய்துகொடுத்தவர், வேடிக்கை என்னவென்றால், பார்வையை ஆராய்பவர்: எம்.ஐ.டி.யின் எட்வர்ட் ஏடல்சன். அவர் குழுவின் 'ஜெல்சைட்' ஒரு மெத்தென்ற ஜெல் துண்டு. வெளிப்புறம் உலோகப் பூச்சு, உள்ளே விளக்குகள், ஒரு குட்டி கேமரா. பொருள் அழுந்தும்போது ஜெல் அதன் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். கேமரா பார்ப்பது பொருளை அல்ல, அந்தப் பூச்சின் மேடுபள்ளத்தை. அதனால் கறுப்பென்ன, கண்ணாடியென்ன, எல்லாம் ஒன்றுதான்.

2014-ல் இந்த விரலைப் பொருத்திய ரோபோ, தொங்கிக்கொண்டிருந்த யூஎஸ்பி ஒயரைப் பிடித்தது. பிளக்கில் புடைத்திருக்கும் சின்னத்தைத் தடவியே, அது கையில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணித்துச் செருகியது. நாம் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுச் செருகுவோமே, அதே யூஎஸ்பி.