தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி

அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலும் சன்னல் விளிம்பிலும் வளரக்கூடிய மூலிகைகளுள், கற்பூரவள்ளியைப் போல எளிதில் வேர்பிடிப்பதும் சளி, இருமல் என்றவுடன் தமிழகத்து வீடுகளில் தேடப்படுவதும் மிகச் சிலவே. ஓமவல்லி என்றும் வழங்கும் இச்செடி, துளசியும் புதினாவும் அடங்கிய லாமியேசி குடும்பத்தைச் சேர்ந்தது; தாவரவியலார் இதனைக் கோலியஸ் அம்பாய்னிகஸ் எனக் குறிப்பர். நாற்கோணத் தண்டும், எதிரெதிராக அமைந்த தடித்த இலைகளும், இலை விளிம்பில் மழுங்கிய பற்களும், இருபுறமும் படர்ந்த மென்மயிர்களும் இதன் அடையாளங்களாகும்.

இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், மயிர்களுக்கு இடையே பளபளக்கும் நுண்புள்ளிகள் தெரியும். இவையே எண்ணெய்ச் சுரப்பிகள். இலையைக் கசக்கும்போது இவற்றின் மெல்லிய உறை கிழிந்து, உள்ளிருக்கும் எண்ணெய் காற்றில் ஆவியாவதால்தான் மணம் எழுகிறது. அவ்வெண்ணெயின் முதன்மைக் கூறுகள் கார்வக்ரால், தைமால் என்னும் இரு சேர்மங்கள். இவற்றின் விகிதம் செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறுபடும். ஓமத்துக்கு அதன் மணத்தைத் தருவதும் தைமாலே. இச்சேர்மங்கள் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைச் சிதைக்கும் என்பது ஆய்வகச் சோதனைகளில் தெளிவாகியுள்ளது. எனினும் ஆய்வகத் தட்டில் நிகழ்வது அப்படியே மனித நுரையீரலிலும் நிகழும் என்று கொள்ள இயலாது.

மருந்து இந்தச் சுரப்பிகளில்தான் இருக்கிறது என்பதால், செடி வளர்ப்பையும் வைத்தியத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது. வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்த செடி இலை பெருத்துத் தண்டு நீண்டு வளருமே தவிர, அதில் மணம் செறிவதில்லை. உச்சிவெயில் முழுவதும் படும் இடத்திலோ இலைகள் சிறுத்து மஞ்சள் பாயும். காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைத்து, பிற்பகலில் நிழல் விழும் கிழக்குப் பால்கனி இதற்கு மிகவும் ஏற்றது.

விதையைத் தேடவேண்டிய தேவையே இல்லை. இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட, ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுள்ள தண்டை ஒடித்து, கீழ்க்கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு ஊன்றினால், மண்ணுக்குள் புதைந்த கணுவிலிருந்து பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வேர்கள் புறப்படும். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்த கலவை போதுமானது. மாடியில் சுமையைக் குறைக்க விரும்புவோர் மண்ணின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாம்.

தொட்டியின் அடியில் கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்னும் பரவலான நம்பிக்கை சரியன்று. நுண்ணிய மண்ணில் தேங்கும் நீர், பெரிய இடைவெளிகள் உள்ள கல் அடுக்குக்குள் எளிதில் இறங்காமல் அதன் மேலேயே நின்றுவிடுவதால், ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லை மட்டும் வைத்து, எஞ்சிய இடம் முழுவதையும் மண் கலவையால் நிரப்புவதே நல்லது. இலையிலேயே நீரைச் சேமித்துக்கொள்ளும் செடியாதலால், மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டறிந்த பிறகே நீர் ஊற்றவேண்டும். வீட்டுக் கற்பூரவள்ளி அழிவதற்குப் பெரும்பாலும் வறட்சியன்று, அன்றாடம் ஊற்றும் மிகுநீரே காரணம்.

நுனியை அவ்வப்போது கிள்ளுவதற்கும் காரணம் உண்டு. நுனிமொட்டில் உருவாகிக் கீழிறங்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி, பக்க மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனி நீங்கியதும் அத்தடை தளர்ந்து, கணுதோறும் கிளை வெடித்துச் செடி புதர்போல் அடர்கிறது. துளசிக்கும் இதுவே முறை.

மரபு வைத்தியத்தில் இலையைத் தணலில் வாட்டிச் சாறு பிழிவார்கள். சூட்டில் திசுக்கள் தளர்வதால் தடித்த இலையிலிருந்து சாறு எளிதில் வடிகிறது. அதைத் தேனுடன் குழைத்துக் கொடுப்பது வழக்கம். ஆயினும் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் பாக்டீரிய வித்துகள் அதில் இருக்கக்கூடும். கஷாயமாகக் காய்ச்சுவதாயின் பாத்திரத்தை மூடி வைப்பது அவசியம். திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதித்தால் எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

இடம் சற்று மிகுந்திருந்தால், கொக்கி முள்ளோடு படரும் தூதுவளையைப் பால்கனிக் கம்பியில் ஏற்றி, துவையலுக்கும் ரசத்துக்கும் பறித்துக்கொள்ளலாம். ஆடாதோடை பெரும்புதராக வளர்வதால் சிறு தொட்டிக்கு ஒவ்வாது. அதிலுள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையதாகையால், கருவுற்ற பெண்கள் அதனைத் தவிர்க்கவேண்டும்.

தொட்டி மூலிகையின் பயன், சாதாரணச் சளியின் தொல்லையைத் தணிக்கும் அளவோடு நின்றுவிடுகிறது. மூச்சுத் திணறலோ கடுங்காய்ச்சலோ இருந்தால் உடனே மருத்துவரை நாடவேண்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாமல், அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் செய்யப்படும் காசநோய்ச் சளிப் பரிசோதனையைச் செய்துகொள்ளவேண்டும்.