‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடி: படித்தவர்களும் சிக்குவது ஏன்?

“உங்க ஆதார் நம்பர்ல ஒரு பார்சல் புக் ஆகியிருக்கு. உள்ளே போதைப்பொருள் இருக்கு. லைன்லயே இருங்க, மும்பை போலீஸுக்கு கனெக்ட் பண்றோம்.”

இப்படித்தான் ஆரம்பிக்கிறது அந்த அழைப்பு. சில நிமிடங்களில் வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வருகிறார். பின்னால் சுவரில் போலீஸ் முத்திரை. “நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. காலை கட் பண்ணக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்று மிரட்டுகிறார்.

‘இதையெல்லாம் யாருங்க நம்புவாங்க?’ என்று தோன்றுகிறதா?

யார் சிக்குகிறார்கள்?

வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவரும் பத்மபூஷண் விருது பெற்றவருமான எஸ்.பி.ஓஸ்வால், 2024-ல் 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்காக ஆன்லைனில் ஒரு போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தப்பட்டது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரில் ஒருவர் பேசினார். அதே ஆண்டின் இறுதியில், பெங்களூருவில் 39 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் 11.8 கோடியைப் பறிகொடுத்தார்.

மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, டிஜிட்டல் அரெஸ்ட் மற்றும் அது தொடர்பான சைபர் குற்றங்களில் 2022-ல் பறிபோனது 91.14 கோடி ரூபாய். 2024-ல் அது 1,935.51 கோடி. புகார்களின் எண்ணிக்கை 39,925-லிருந்து 1,23,672 ஆனது. ஆக, ‘விவரம் தெரியாதவங்கதான் ஏமாறுவாங்க’ என்ற பேச்சு இங்கே எடுபடாது.

தப்பே செய்யாதவர் ஏன் பயப்படுகிறார்?

‘மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்’ என்பார்கள். இந்த மோசடி அதைத் தலைகீழாக்குகிறது. மடியில் கனம் இல்லாதவர்தான், “நான் எந்தத் தப்பும் பண்ணலையே, நல்லா செக் பண்ணிக்கோங்க சார்” என்று ஒத்துழைக்கிறார். மோசடி கும்பலும் பணத்தை லஞ்சமாகக் கேட்பதில்லை. “உங்க பணம் சட்டபூர்வமானதுதானானு சரிபார்க்கணும். இந்தக் கணக்குக்கு மாத்துங்க, விசாரணை முடிஞ்சதும் திரும்ப வந்துடும்” என்கிறது. பணத்தைக் கொடுக்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு வருவதில்லை. நிரபராதி என்று நிரூபிப்பதாகவே நினைக்கிறார்.

ஏன் காலை கட் பண்ண விடுவதில்லை?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய ஆய்வு 1963-ல் வெளியானது. அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கச் சொல்லி, ஆய்வாளர் உத்தரவிடுவார். அதிர்ச்சி போலியானது, ஆனால் பங்கேற்பாளருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள்.

பிறகு அவர் சூழலை மாற்றிப் பார்த்தார். ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறி தொலைபேசியில் உத்தரவிட்டபோது, கடைசி வரை கீழ்ப்படிந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தனர். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் ‘மாட்டோம்’ என்று எழுந்தபோது, 40-ல் வெறும் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள்.

அதிகாரி கண்ணெதிரே இருந்தால் கீழ்ப்படிகிறோம், எதிர்த்துப் பேச ஒருவர் கூட இருந்தால் விழித்துக்கொள்கிறோம். வெறும் போன் காலோடு நிற்காமல் வீடியோவுக்கு வரச் சொல்வதும், ரூமைப் பூட்டச் சொல்வதும், வீட்டில் யாரிடமும் பேச விடாததும் இதனால்தான். தூங்கும்போதுகூட கேமராவை ஆன் செய்து வைக்கச் சொல்கிறார்கள். இந்தத் தனிமைதான் அவர்களுடைய முதலீடு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-வது பிரிவுப்படி, கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தோடு இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினர் அல்லது அந்தப் பகுதியைச் சேர்ந்த மரியாதைக்குரிய ஒருவரின் சாட்சிக் கையெழுத்தைப் பெற வேண்டும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது.

கவனித்தீர்களா? உண்மையான கைதுக்கு ஒரு சாட்சி தேவை. போலிக் கைதுக்கோ யாருமே கூட இருக்கக் கூடாது. ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்ற வார்த்தை வந்தாலே அது மோசடி என்று முடிவு செய்துவிடலாம்.

என்ன செய்ய வேண்டும்?

* காலை உடனே கட் பண்ணுங்கள். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.
* பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லையா? நேரில் காவல் நிலையத்துக்குப் போங்கள்.
* பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. ஓஸ்வால் இழந்ததில் சுமார் 5.25 கோடி மீட்கப்பட்டது.
* மிரட்டிய எண், ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை விவரங்களை அழிக்காதீர்கள்.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவிடம் இதை இன்றைக்கே பேசிவிடுங்கள். “போலீஸ்னு யார் மிரட்டினாலும் முதல்ல எனக்கு போன் பண்ணுங்க, நான் திட்ட மாட்டேன்” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் திட்டுவார்களே என்று பயந்து அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.