பாவமன்னிப்பு எப்போது செல்லும்?

கத்தோலிக்கர் குருவிடம் தம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதைப் பாவசங்கீர்த்தனம் என்பது பழைய வழக்கு. ஒப்புரவு அருட்சாதனம் என்பது இன்றைய வழக்கு. இது குறித்து அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. குருவே பாவியாயின், அவர் அளித்த மன்னிப்புச் செல்லுமா?

செல்லும் என்பதே திருச்சபையின் விடை. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் எழுந்த தொனாத்து பிரிவினர், தகுதியிழந்த குருக்கள் ஆற்றும் அருட்சாதனங்கள் செல்லா என்று வாதிட்டனர். புனித அகுஸ்தீனார் அதனை மறுத்தார். அருளை அளிப்பவர் கிறிஸ்துவே, குரு பணியாளர் மட்டுமே என்பது அவர் கொள்கை. சாவான பாவத்தில் இருக்கும் குருவும் மன்னிக்கும் அதிகாரம் உடையவரே என்று 1551-இல் திரெந்துச் சங்கமும் உறுதி செய்தது. பதிவதிகாரியின் இல்லறம் சீர்கெட்டதனால் அவர் பதிந்த திருமணங்கள் கெடுவதில்லை அன்றோ?

ஆயின், ஒழுக்கம் வேறு, அதிகாரம் வேறு. குருப்பட்டத்தோடு, மன்னிப்பு வழங்கும் உரிமையும் சட்டத்தாலோ ஆயராலோ அளிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். கற்புக்கு எதிரான பாவத்தில் தம்மோடு கூடியவர்க்குக் குரு அப்பாவத்தினின்று அளிக்கும் மன்னிப்பும் செல்லாது. சாவு நெருங்கிய வேளையில் இவ்விரு தடைகளும் விலகும். அப்போது உரிமையற்ற குருவும் மன்னிக்கலாம். ஆன்மாவின் மீட்பே தலையாய சட்டம் என்பது இதன் அடிப்படை.

இனி, மன்னிப்பு வேண்டுவோர் பங்கினை நோக்குவோம். மனத்துயர், பாவத்தை வெளியிடல், பரிகாரம் என மூன்றினைத் திரெந்துச் சங்கம் வகுத்தது. சாவான பாவத்தை வேண்டுமென்றே மறைப்பவர்க்குக் குருவின் மன்னிப்பு மொழி பயன்படாது. திருடிய பொருளைத் திருப்பித் தர இயன்றும் மனமில்லாதவர் நிலையும் அதுவே. அவரிடம் மெய்யான மனத்துயர் இல்லை. மறந்துபோன பாவமோ ஏனையவற்றோடு மன்னிக்கப்படும். நினைவு வந்தபின் அடுத்த முறை அதனைச் சொல்லல் வேண்டும்.

‘ஒப்புரவறிதல்’ என்பது குறளில் ஓர் அதிகாரம். அங்கே அச்சொல் உலகத்தோடு பொருந்தி, பிறர்க்கு உதவி வாழ்தலைக் குறிக்கும். இங்கே இறைவனோடும் அயலாரோடும் மீண்டும் பொருந்துதலைக் குறிக்கும். அப்பொருத்தம் குருவின் நற்குணத்தால் வருவதன்று. பாவி மனம் வருந்தாதபோது குருவின் அதிகாரமும் அதனைத் தருவதன்று. ஆதலின் மன்னிப்பு வேண்டுவோர் முதலில் ஆராய வேண்டியது தம் நெஞ்சையே ஆகும்.