அவுட்பாஸ் ஒன்று, எக்ஸிட் வேறு

வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர், காலாவதியான பாஸ்போர்ட்டோடு இருப்பவர், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்தவர் ஆகியோர் ஊர் திரும்புவதற்காக இந்தியத் தூதரகம் கொடுக்கும் பயண ஆவணம் எமர்ஜென்சி சர்டிபிகேட். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதையும் பயண ஆவணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஒரே பயணம், அதுவும் இந்தியாவை நோக்கி மட்டும். ஊர் வந்து இறங்கியதோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர்கள் இதை அவுட்பாஸ் என்பார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளிலும் அந்தச் சொல் பழக்கமானதுதான். அவுட்பாஸ் கைக்கு வந்தால் மறுநாளே விமானம் ஏறிவிடலாம் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்து பரவியிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறானது. அவுட்பாஸ் இந்தியாவுக்குள் நுழைவதற்கான தாள். இருக்கும் நாட்டிலிருந்து வெளியேற அந்த நாட்டு அரசின் அனுமதி, அதாவது எக்ஸிட், தனியாக வேண்டும். மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இந்த எக்ஸிட்தான்.

சொந்த நாட்டுக்குத் திரும்புவது ஒரு குடிமகனின் உரிமை. 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 13ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. இந்தியா 1979இல் ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும், தன் நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் காரணமின்றிப் பறிக்கக் கூடாது என்கிறது. பாஸ்போர்ட்டும் முதலாளியின் சொத்தாக முடியாது. பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அது என்றைக்கும் மத்திய அரசின் உடைமை. வைத்திருப்பவருக்கே அது சொந்தமில்லை என்னும்போது, அடமானமாக வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் முதலாளிக்கு, அதாவது கஃபீலுக்கு, அதன்மேல் என்ன உரிமை இருக்க முடியும்? வேலை கொடுக்கும் நாடுகளும் ஏட்டளவில் இதை ஒப்புக்கொள்கின்றன. தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்தால் 25,000 ரியால் வரை அபராதம் என்று கத்தாரின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படியும், சட்டப்பூர்வ அதிகாரமின்றி அடுத்தவர் பாஸ்போர்ட்டைத் தன் வசம் வைத்திருப்பது குற்றம். ஆனால் சட்டம் இருப்பதால் மட்டும் அலமாரி திறந்துவிடுவதில்லை.

பாலாற்றங்கரைத் தோல் தொழில் ஊர்களுக்கு இந்தச் சிக்கல் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைக் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாத ஆலைகள் மூடப்பட வேண்டியதாயிற்று. ஷூ கம்பெனி வேலையோ ஏற்றுமதி ஆர்டரைப் பொறுத்தது. ஆர்டர் குறைந்தால் வேலையும் குறையும், வெளிநாடு போகும் எண்ணம் வரும். பள்ளிப் படிப்பை நடுவில் விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர் பத்தாம் வகுப்பு தேறியிருக்கமாட்டார். அவருடைய பாஸ்போர்ட் இசிஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேரும். அதோடு சவூதி, குவைத், அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. இசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்கள் வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 முதல் அவர்களை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்பலாம். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு மனிதவள நிறுவனம்.

இந்த விதிகளைத் தாண்ட ஏஜெண்டுகள் கண்டுபிடித்த குறுக்குவழி டூரிஸ்ட் விசா. முதலில் துபாய், அங்கிருந்து வேறொரு நாடு. அனுமதி பெற்றுப் போனவரின் ஒப்பந்தம், முதலாளி பெயர், சம்பளம் எல்லாம் அரசின் இ-மைக்ரேட் பதிவில் இருக்கும். குறுக்குவழியில் போனவருக்கு அப்படி எதுவும் கிடையாது. பாஸ்போர்ட்டும் கையை விட்டுப் போனபின், அவர் இன்னார், இன்னாரிடம் வேலை பார்த்தார் என்று காட்ட ஒரு தாள்கூட மிஞ்சாது.

2015இல் ரியாத்தில் நடந்ததை இந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை. காட்பாடிப் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண், வேலை பார்த்த வீட்டிலிருந்து தப்பிக்க முயன்றபோது வலது கையை இழந்தார். முதலாளி தரப்பே வெட்டியதாக அவர் சொன்னார். தப்பிக்கும்போது விழுந்ததால் நேர்ந்தது என்றது சவூதி காவல்துறை. வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் பகிரங்கமாகக் கண்டித்தார், தூதரகம் நேரடியாகத் தலையிட்டது. அவ்வளவுக்குப் பிறகும் அவர் சென்னை வந்து சேர நவம்பர் முதல் வாரம் ஆயிற்று. நாடே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழக்கிலேயே ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது என்றால், யாருக்கும் தெரியாமல் ஒரு வில்லாவுக்குள் அடைபட்டிருப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸிட் கிடைப்பதைத் தடுப்பவை சில. இகாமா எனப்படும் குடியிருப்பு அனுமதி காலாவதியாகி அபராதம் ஏறியிருக்கலாம். அமீரகத்தில் விசா முடிந்தபின் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம். வங்கிக் கடன், செக் மோசடி, போலீஸ் வழக்கு ஏதேனும் இருந்தால் பயணத் தடை விழும். சவூதியில் இவற்றோடு ஹுரூப் என்ற ஒன்று உண்டு: தொழிலாளி ஓடிப்போய்விட்டார் என்று கஃபீல் பதிவு செய்வது. சம்பளம் கேட்ட தொழிலாளிமீது பழிதீர்க்கவும் அது பயன்படுகிறது. 2021 மார்ச்சில் சவூதி கொண்டுவந்த சீர்திருத்தத்தால் கம்பெனித் தொழிலாளர்கள் முதலாளி சம்மதமின்றியே எக்ஸிட் கேட்கலாம். வீட்டுப் பணிப்பெண்கள், ஹவுஸ் டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் அதில் சேரவில்லை. பாஸ்போர்ட் பறிப்புக்கு அதிகம் ஆளாகிறவர்களே விடுபட்டுப்போனார்கள்.

பொது மன்னிப்புக் காலத்தில் வழி சற்று இளகும். சவூதி 2017 மார்ச் இறுதியில் 90 நாள் அவகாசம் அறிவித்துப் பின்னர் நீட்டித்தது. குவைத் 2024 மார்ச்சிலிருந்து ஜூன் வரையும், அமீரகம் அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து டிசம்பர் இறுதி வரையும் அபராதமின்றி வெளியேற அனுமதித்தன. போலீஸ் வழக்கு உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை பொதுவாகப் பொருந்தாது. கடைசி வாரத்தில் தூதரக வாசலில் கூட்டம் அலைமோதும் என்பதால் முதல் நாட்களிலேயே போய்விடுவது நல்லது. எக்ஸிட்டுக்கும் கெடு உண்டு; அதற்குள் அவுட்பாஸும் டிக்கெட்டும் தயாராக இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தவர் முதலில் அந்த ஊர்ப் போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும். பிறகு தூதரகம் அல்லது துணைத் தூதரகம்: ரியாத், ஜித்தா, அபுதாபி, துபாய், குவைத் என எது அருகிலோ அது. விண்ணப்பத்தோடு புகைப்படங்கள், புகார் நகல், பழைய பாஸ்போர்ட்டின் நகல் வேண்டும். முதலாளி பிடித்துவைத்திருக்கிறார் என்றால் தொலைந்துவிட்டதாகப் பொய்ப்புகார் கொடுப்பது புதிய வழக்கை இழுத்துவரும். பிடித்துவைத்திருக்கிறார் என்றே எழுத வேண்டும்; தூதரகம் முதலாளியை அழைத்துப் பேச அதுவே பிடிமானம். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். பிறகு பெட்டிக்கடியிலிருந்து கிடைத்தாலும் அதைக் கொண்டு பயணம் செய்யக் கூடாது. கைதாகி தர்ஹீல் எனப்படும் நாடுகடத்தல் முகாமில் இருப்பவர், தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

பாஸ்போர்ட் நகல் இருந்தால் விஷயம் சுருக்கமாக முடியும். நகலும் இல்லை, எண்ணும் நினைவில்லை என்றால் குடியுரிமைச் சரிபார்ப்பு தொடங்கும். தூதரகம் கேட்கும் விவரம் இந்தியாவுக்கு வந்து, சொந்த ஊர்ப் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து, பதில் திரும்பிப் போக வேண்டும். இங்கேதான் இந்த வட்டாரத்துக்கே உரிய இடைஞ்சல்கள் முளைக்கின்றன. 2019இல் பழைய வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூர்க்காரரின் பழைய பாஸ்போர்ட்டில் வேலூர் மாவட்டம் என்றிருக்கும். அவர் வீடு இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. விசாரணைக் கடிதம் தவறான எஸ்பி அலுவலகத்துக்குப் போனால் அங்கே கிடக்கும். ஆகவே விண்ணப்பத்திலேயே பழைய மாவட்டம், புதிய மாவட்டம், காவல் நிலையத்தின் பெயர் மூன்றையும் எழுதிவிட வேண்டும். பெயர்க் குழப்பம் இன்னொன்று. தமிழ் பேசும் வீடானாலும் உருது பேசும் வீடானாலும் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி என்று ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். அப்பா பெயர் இனிஷியலாக ஓரிடத்தில், முழுப்பெயராக வேறிடத்தில். வீட்டார் ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே மின்னஞ்சலில் தூதரகத்துக்கு அனுப்பி, விசாரணைக்கு வரும் காவலரிடமும் ஒரு தொகுப்பைக் கொடுத்தால் வேலை விரைவாகும். புறப்படும் நாளிலேயே பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வீட்டில் விட்டுச் செல்பவருக்கு இந்த அலைச்சலில் பாதி மிச்சம்.

பாஸ்போர்ட் காலாவதிதான் ஆகியிருக்கிறது, வேலையும் விசாவும் இருக்கின்றன என்றால் அவுட்பாஸ் கேட்பது அவசரப்பட்ட முடிவு. அங்கேயே புதுப்பித்துக்கொள்ளலாம். அவுட்பாஸில் கிளம்பினால் அதை வைத்து அதே வேலைக்குத் திரும்ப முடியாது.

கையில் காசில்லை என்பது ஊர் திரும்பத் தடையாக இருக்கக் கூடாது. 2009இல் தொடங்கிய இந்தியச் சமுதாய நல நிதி ஒவ்வொரு தூதரகத்திலும் உண்டு. தகுதியுள்ளவருக்கு விமான டிக்கெட், தங்குமிடம், சட்ட உதவி, சில அபராதங்கள் வரை அதிலிருந்து கொடுக்கலாம். தானாக வராது, எழுத்தில் கேட்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குடும்பத்தாரே புகார் பதியலாம். அந்தப் பதிவு எண்ணே அடுத்தடுத்த கடிதங்களுக்கு ஆதாரம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் ஏற்கிறது. மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவும் அங்கேதான் போய்ச் சேரும்.

அண்மைக் காலத்தில் ஆபத்து கிழக்குப் பக்கமும் திரும்பியிருக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, இணைய மோசடி வேலை செய்யவைத்தார்கள். அங்கிருந்து மீண்ட தமிழர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சொட் நகரிலிருந்து இந்திய விமானப்படை விமானமே போய் 283 பேரை அழைத்துவந்தது. விசா இல்லாமல் எல்லை கடந்தவர் தாய்லாந்துக்குத் தப்பிவந்தாலும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றவாளியாகவே நடத்தப்படக்கூடும். கடத்திவரப்பட்டவர் என்று தூதரகம் மூலம் பதிவு செய்வது அவருக்கு முக்கியமான பாதுகாப்பு.

திரும்பும் அவசரத்தில் பாக்கிச் சம்பளத்தை விட்டுவிட்டு வருபவர்கள் பலர். கிளம்புமுன் தொழிலாளர் நீதிமன்றத்தில் புகார் பதிந்து, தூதரகம் சொல்லும் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்தால், வழக்கு அவர் இல்லாமலும் நடக்கும். உரிமம் இல்லாத ஏஜெண்டுமீது சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலரிடமும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். குடிபெயர்வுச் சட்டத்தில் அதற்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. அபராதம் 2,000 ரூபாய்தான். இன்று ஏஜெண்டு ஒரு தலைக்கு வாங்கும் கமிஷனோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். எனவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவிலும் மோசடி வழக்குப் பதியும்படி வற்புறுத்துவது நல்லது. அதில் ஏழாண்டு வரை சிறை.

பிறகு புதிய பாஸ்போர்ட். வேலூர் தலைமை அஞ்சலகத்திலுள்ள சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எப்போதாவது எமர்ஜென்சி சர்டிபிகேட்டில் இந்தியா திரும்பியதுண்டா, நாடுகடத்தப்பட்டதுண்டா என்று விண்ணப்பத்தில் கேள்வி இருக்கும். புரோக்கர் இல்லை என்று டிக் அடித்துவிடுவார். உண்மையை மறைப்பது பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆம் என்று எழுதிச் சர்டிபிகேட் எண்ணைக் கொடுப்பது குற்றமில்லை. இறங்கும் இடத்தில் அந்தத் தாளை வாங்கிக்கொள்வார்கள் என்பதால் பயணத்துக்கு முன்பே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் மொத்தமாக மூன்றாண்டுக்கு மேல் இருந்தவருக்கு இசிஆர் முத்திரை இல்லாத பாஸ்போர்ட் பெறத் தகுதி உண்டு. அந்த மூன்றாண்டுக்குச் சான்று, தொலைந்துபோன பாஸ்போர்ட்டின் விசாப் பக்க நகல்களும் இகாமா நகல்களும்தான்.