தரையிறங்கும் லட்சணம்

ஸ்கேட்போர்டு வித்தையை முதன்முதலாகக் காண்பவர், பலகையோடு அந்தரத்தில் எழும்பும் இளைஞனின் சாகசத்தில் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார். அக்கலையில் ஊறியவரோ, மேலே நிகழ்வதை ரசித்தாலும், அவன் கீழே இறங்கும் கணத்தைக் கண்ட பிறகே அபிப்பிராயம் சொல்லத் துணிகிறார்.

கிக்ஃபிளிப் என்னும் வித்தையில், ஆடுபவன் துள்ளி எழுகையில் முன்காலால் பலகையின் விளிம்பைச் சுண்டிவிட, அது அவன் பாதங்களின் கீழே நீளவாக்கில் ஒருமுறை புரண்டு நேராகிறது. சக்கர அச்சுகளைப் பிணைக்கும் போல்ட்டுகளின் மேல் இரு பாதங்களும் பதிந்து, நான்கு சக்கரங்களும் ஏறக்குறைய ஒருங்கே தரையைத் தொட, தடுமாற்றமின்றி அவன் உருண்டு செல்வானாயின் அதுவே பூரணம். கால்நுனி தரையில் உரசினாலும், கை ஊன்றினாலும், குறையாகச் சுழன்ற பலகை சக்கரங்கள் தேய இழுபட்டுத் திரும்பினாலும், ஆட்டக்காரர்கள் அதை 'ஸ்கெச்சி' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நேரில் கண்ணுக்குத் தப்பிவிடும் இந்தத் தோஷங்களுக்குக் காமிரா நிரந்தர சாட்சியாகிவிட்டது. இறங்கிய மறுகணமே காட்சி வெட்டப்பட்டிருந்தால், அதன்பின் நேர்ந்த தடுமாற்றத்தை மறைத்தார்களோ என்ற சந்தேகம் ரசிகர்களுக்கு எழுவது சகஜம். 1997-ல் வெளிவந்த, ஜீரோ என்னும் ஸ்கேட்போர்டு நிறுவனத்தின் 'த்ரில் ஆஃப் இட் ஆல்' படத்தில், சான் டியேகோ நகரின் பாயின்ட் லோமா உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 18 அடி உயரத்திலிருந்து குதித்த ஜேமி தாமஸ், பலகைமேல் வந்து இறங்கினாரே ஒழிய, உருண்டு செல்லவில்லை. அவருடைய தைரியத்தை இன்றளவும் புகழ்பவர்களும், அந்த வித்தை நிறைவேறியதாகச் சொல்வதில்லை.

போட்டிகளின் தர்மம் சற்றே வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தெருப்பிரிவில், ஜப்பானின் யூதோ ஹோரிகோமே தமது கடைசி வித்தைக்கு 97.08 புள்ளிகள் பெற்று, மொத்தம் 281.14 என்ற கணக்கில், 281.04 பெற்றிருந்த அமெரிக்கர் ஜாகர் ஈட்டனை முந்தித் தங்கம் வென்றார். வித்தியாசம் இவ்வளவு சொற்பமாயிருக்கும்போது, இறங்குகையில் நேரும் சிறு தள்ளாட்டமும் பதக்கத்தின் நிறத்தை மாற்றிவிடக்கூடும். ஆயினும் அங்கே வாய்ப்புகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆகவே, பிழையோடு நிறைவேறிய வித்தைக்கும் குறைவான புள்ளிகளாவது கிடைக்கின்றன. படத்துக்காக ஆடுபவனுக்கோ நாளைக்கும் மறுநாளைக்கும் அதே இடம் காத்திருப்பதால், அரைகுறையாக இறங்கியதை அவன் வெளியிட்டால், முடியாமல் விட்டதாக எவரும் கருதமாட்டார்கள். போதும் என்று திருப்தியடைந்துவிட்டான் என்றே தீர்ப்புச் சொல்வார்கள்.