மலைப்பாதையில் மோட்டார் எஞ்சின் சூடேறுவது ஏன்?

பாலக்காட்டுக் கணவாயில் கோடைக்காலத்து வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டுவது உண்டு. தெற்கே இடுக்கி மாவட்ட எல்லையில் வெயில் தணிவு. ஆனால் ஏற்றம் கடுமை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கிறது. ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், அலுவலர்களின் வண்டிகளும் நாள்தோறும் இவ்வழியே செல்கின்றன. சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி, ஏற்றத்தில் திடீரெனக் கொதிப்பதற்குக் காரணம் யாது?

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீரே வாங்கிச் சென்று, ரேடியேட்டர் வழியாகக் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் மிகுதியாக உழைக்கிறது. வண்டியோ மெதுவாகச் செல்வதால் எதிர்க்காற்று குறைகிறது. இவற்றோடு மூன்றாவது காரணமும் சேர்கிறது. உயரம் கூடக் கூட வளிமண்டல அழுத்தம் குறைவதால், கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் போடிமெட்டில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இக்குறையை ஈடுசெய்வது ரேடியேட்டர் மூடியாகும். அது ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தை உள்ளே நிறுத்தி, கொதிநிலையை 120 டிகிரிக்கு அருகில் உயர்த்துகிறது. மூடியின் சுருள்வில்லோ ரப்பர் வளையமோ தளர்ந்திருப்பின், 90 டிகிரியளவில் ஓடும் எஞ்சினுக்குச் சமவெளியில் கேடு தெரிவதில்லை. மலையுச்சியில் அதே நீர் பொங்கி வழிகிறது. மறைந்திருந்த பழுதை மலை வெளிப்படுத்திவிடுகிறது.

ஆகவே, வெப்பம் எப்போது ஏறுகிறது என்பதே நோயறியும் முதற்கேள்வி. நிற்கும்போது ஏறி, ஓடும்போது தணியுமாயின் குற்றம் விசிறியில் உள்ளது. அதன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். மின்விசிறியாயின் ஃபியூஸ் எரிந்திருக்கலாம். ஏற்றத்திலும் விரைவிலும் மட்டும் ஏறுமாயின், ரேடியேட்டர் அடைபட்டதென ஐயுறலாம். வெளியே சேறும் பூச்சியும், உள்ளே கடின நீரின் உப்புப் படிவும் அடைப்பை உண்டாக்கும். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே வெப்பம் ஏறி, மேற்குழாய் சுட்டும் கீழ்க்குழாய் குளிர்ந்தும் இருப்பின், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்றோ நீரோட்டம் தடைப்பட்டது என்றோ கருதலாம். வெளியே கசிவின்றி நீர் குறைந்து, வெண்புகை தொடர்ந்து வருமாயின் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். அவ்வண்டியை மேலும் ஓட்டலாகாது.

முள் காட்டுவதை மட்டும் நம்புதலும் தவறு. நீர்மட்டம் உணர்கருவிக்குக் கீழே இறங்கிவிட்டால், எஞ்சின் எரியும் சூட்டிலிருக்க, முள் குளிர்ச்சியைக் காட்டக்கூடும்.

வெப்பம் மிகுந்தால் ஏசியை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஒதுக்கி எஞ்சினை அணைத்தல் வேண்டும். சூடான நிலையில் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. திறந்த கணமே அழுத்தம் நீங்கி, 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறந்து நீரூற்ற வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீர் ஊற்றினால் உலோகம் வெடிப்புறும்.

களப்பணியாளர் புறப்படுமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீர்மட்டத்தையும் பெல்ட்டையும் மூடியையும் பார்த்துக்கொள்வது நலம். வழக்கமான பாதையில் முள் எங்கே நிற்கிறது என்பதை வண்டிக் குறிப்பேட்டில் எழுதிவருதல் அதனினும் நலம். வழக்கம் தெரிந்தால்தான் மாறுபாடு தெரியும்.

ஆசிரியர்க்கும் இதில் நல்லதொரு பாடம் உண்டு. போடியிலும் மூணாற்றிலும் நீரைக் கொதிக்கவைத்து, ஒரே வெப்பமானியால் அளந்து காட்டலாம். இரண்டு அளவுகளுக்கும் இடையே காணும் சில டிகிரி வேறுபாட்டிலிருந்து, ஜீப்பின் மூடி ஏன் இறுக மூடப்பட வேண்டும் என்பதை மாணவர் தாமே உய்த்துணர்வர்.